உம்மாவின் அளவுக் கொப்பியும் மாமாவின் இருதயமும்

என் சின்ன மாமாவை எங்கள் குடும்பத்தில் யாரும் நோயாளியாக நினைத்ததே இல்லை. உம்மாவின் சகோதரர்களில் மிக மெலிந்தவர் அவர்தான். "நீ எதத் தின்டாலும் உன்ட உடம்புல ஒட்டுறல்ல" என்று சொல்லியபடியே உம்மும்மா அவருடைய பீங்கானில் இன்னொரு கரண்டி சோற்றை வைப்பார். கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒதுக்கும் இறைச்சிக் கொழுப்பும் வட்டிலப்பத்தின் கடைசித் துண்டும் அவர் பக்கமே தள்ளப்படும். மெலிந்த ஆள்தானே, அவருக்கு என்ன வரப்போகிறது?

சென்ற வருடம், நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரமிருக்கும். இஷாத் தொழுகைக்குப் பின் நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது என்று மாமா சொன்னார். வியர்த்துக்கொட்டியது. "வாய்வாத்தான் இருக்கும்" என்று மாமி இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நெஞ்சில் எண்ணெய் தடவினார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று வாப்பா கேட்டபோது, "இந்த உடம்புக்கு ஹார்ட் அட்டாக்கா?" என்று மாமாவே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நாங்கள் கொடுத்த விலை இரண்டு மணித்தியாலம். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுருநாடி அடைபட்டிருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் தசை இறந்துகொண்டிருக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், மாமா பிழைத்தார். அடைபட்ட நாடியைத் திறந்து அதற்குள் ஒரு சிறிய வலைக்குழாயை வைத்தார்கள். அப்போது அவருக்கு 44 வயது. புகைப்பதில்லை. உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 62 கிலோகிராம். எடையை உயரத்தின் (மீற்றரில்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் உடற்திணிவுச் சுட்டி 22. கிளினிக் அட்டையில் அதற்கு நேரே "சாதாரணம்" என்றுதான் எழுதியிருந்தது.

பின்னர் கிளினிக்குக்குப் போனபோது ஓர் இளம் வைத்தியர் மாமாவின் சேர்ட்டை உயர்த்தச் சொல்லி, வயிற்றைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தார். 93 சென்ரிமீற்றர். "உங்கட நிறையில பிரச்சினை இல்ல. நிறை எங்க இருக்கு என்றதுலதான் பிரச்சினை" என்றார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அந்த வசனம் நீண்ட நாட்களாக மனதை விட்டுப் போகவில்லை. அதன் பொருளைத் தேடியபோது அறிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

தேடலின் முதல் விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. உம்மா உடுப்புத் தைப்பவர். அவருடைய தையல் மெசினின் லாச்சிக்குள் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. யாருக்கு எந்தப் பெருநாளைக்கு என்ன தைத்தார், தோள் எத்தனை அங்குலம், கை எத்தனை, வயிறு எத்தனை என்று திகதியோடு குறித்துவைத்திருப்பார். மாமாவுக்கு ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் ஜுப்பா தைப்பது உம்மாதான். பக்கங்களைப் புரட்டினோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தோள் 17, வயிறு 31½. கடைசியாகத் தைத்தபோது தோள் அதே 17. வயிறு 36½. தோள் மாறவில்லை, கை மாறவில்லை, எடையும் இரண்டு கிலோவுக்கு மேல் கூடவில்லை. வயிறு மட்டும் ஐந்து அங்குலம் பெருத்திருந்தது. மாமா காற்சட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் அவருடைய பெல்ட்டுக்கும் அது தெரியவில்லை. எடை பார்க்கும் தராசுக்கும் தெரியவில்லை. உம்மாவின் கொப்பிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை எப்படி வாசிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தராசு ஏன் ஏமாந்தது? உடற்திணிவுச் சுட்டியின் கணக்கை 1830களில் உருவாக்கியவர் அடோல்ப் கெற்றலே என்ற பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர், வானியலாளர். அவர் வைத்தியர் அல்லர். ஒரு சமுதாயத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிவதே அவருடைய நோக்கமாக இருந்தது. 1972இல் அன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். பெருந்தொகையான மக்களை ஒப்பிட அது நல்ல கருவிதான். ஆனால் 62 கிலோவில் தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு உடலில் எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை.

இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான சான்று 2004இல் 'லான்செற்' என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஒரு புகைப்படம். அதில் இரண்டு வைத்தியர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் இந்தியாவின் பூனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யட்கின். இருவரும் மெலிந்தவர்கள். இருவரின் உடற்திணிவுச் சுட்டியும் ஒன்றேதான்: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே சுட்டியின் கீழ் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம்! வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு. நமது தெற்காசிய உடலின் கதையை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது.

கொழுப்பு என்றாலே கெட்டது என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. தோலுக்குக் கீழே, தொடையிலும் இடுப்பிலும் படியும் கொழுப்பு பெரும்பாலும் சக்தியைச் சேமித்துவைக்கும் களஞ்சியம்தான். வயிற்றறைக்குள்ளே குடல், ஈரல், சதையி ஆகிய உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு வேறு. அதைக் கையால் கிள்ளிப் பிடிக்க முடியாது. மெலிந்த ஒருவரின் வயிறு பானைபோல் முன்னே தள்ளி, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதென்றால் பல வேளைகளில் உள்ளே இருப்பது அதுதான். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்பதை 1947இலேயே மார்செய் நகரில் பணியாற்றிய ஜோன் வாக் என்ற பிரெஞ்சு வைத்தியர் எழுதிவிட்டார். மேலுடலிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கே நீரிழிவும் நாடி நோய்களும் அதிகம் வருவதை அவர் கவனித்திருந்தார். 1981இல் நீல் ருடர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இன்னொரு படி மேலே சென்று, எடை சாதாரணமாக இருந்தும் உடலின் இரசாயனம் பருமனானவர்களைப் போலவே குழம்பியிருக்கும் மனிதர்கள் உண்டு என்றார்கள்.

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு இருதயத்தை எப்படித் தொடுகிறது? உயிரியல் பாடத்தில் நாம் படித்த ஈரல் வாயினாளத்தை நினைத்துப் பாருங்கள். குடலிலிருந்து இரத்தத்தை நேராக ஈரலுக்குக் கொண்டுசெல்லும் நாளம் அது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிழையத்தின் இரத்தமும் பெரும்பாலும் அதே வழியிலேயே செல்கிறது. இந்தக் கொழுப்புக் கலங்கள் ஓய்ந்திருப்பவை அல்ல. அவை கொழுப்பமிலங்களை இடைவிடாமல் வெளியே விடுகின்றன. அவை நேராக ஈரலின் வாசலில் போய்ச் சேர்கின்றன. ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட்டாக மாற்றி இரத்தத்துக்குள் அனுப்புகிறது, மீதியைத் தனக்குள் தேக்கிக்கொள்கிறது. அதுவே கொழுப்பு ஈரல். அத்தகைய ஈரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே சதையி இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. சீனி மெல்ல மெல்ல ஏறுகிறது. நல்ல கொலஸ்ட்ரோல் குறைகிறது. இவற்றோடு, அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களையும் இந்தக் கொழுப்பு சுரக்கிறது. நாடிகளின் உட்சுவர் கீறுபட்டு, அங்கே கொழுப்புப் படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால் அதுதான் மாரடைப்பு. பல வருடங்களாக நடக்கும் இந்த வேலைக்கு வலி இல்லை. ஆகவேதான் மாமாவால் அன்றிரவும் சிரிக்க முடிந்தது.

கொழுப்பில் இப்படி இரண்டு வகை இருப்பதை ஒரு பரிசோதனை அழகாகக் காட்டியது. 2004இல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலுக்குக் கீழிருந்து சத்திரசிகிச்சை மூலம் ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்களின் பின் பார்த்தபோது இரத்த அழுத்தமோ கொலஸ்ட்ரோலோ இன்சுலினின் செயற்பாடோ திருந்தியிருக்கவில்லை. வெளிக்கொழுப்பு போய்விட்டது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

இருதயத்தைப் பொறுத்தவரை இன்னும் பெரிய சான்றுகளும் உண்டு. சலீம் யூசுப் என்ற இருதய வைத்திய நிபுணரின் தலைமையில் 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்து 'இன்ரர்ஹார்ட்' என்ற ஆய்வு நடந்தது. மாரடைப்போடு எடைச் சுட்டி காட்டிய தொடர்பைவிட, வயிற்றின் சுற்றளவுக்கும் இடுப்பின் சுற்றளவுக்கும் இடையிலான விகிதம் காட்டிய தொடர்பு மிக வலுவாக இருந்தது. அதே ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வெளிவந்தது. இலங்கையரும் அதில் அடங்குவர். மற்ற நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதளவில் வரும்போது, நமது பிராந்தியத்தில் 53 வயதிலேயே வந்துவிடுகிறது. ஆறு வருடம் முந்தி! பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 15,000க்கு மேற்பட்டவர்களைப் பதினான்கு வருடமளவில் தொடர்ந்து பார்த்தது. எடை சாதாரணமாக இருந்து வயிறு பெருத்த ஆண்களின் மரண ஆபத்து, எடை கூடியிருந்தும் வயிறு பெருக்காத ஆண்களுடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பெண்களிலும் போக்கு இதே பக்கம்தான்.

நமக்கு ஏன் இப்படி? ஒரு பகுதி பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. யாஜ்னிக்கின் குழு பூனேயைச் சூழ்ந்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. அவர்களுடைய சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையில் பெரிய குறைவு இருந்தும் உடற்கொழுப்பில் அந்த அளவுக்குக் குறைவு இருக்கவில்லை. தசை குறைந்த உடலால் அதிகமான சீனியை எரிக்க முடியாது. அந்த உடல் வளர்ந்து, கதிரையில் உட்கார்ந்து, மூன்று வேளையும் சோறும் பாணும் பராட்டாவும் உண்ணும்போது மிச்சம் உள்ளே சேர்கிறது. நமது நாட்டில் ராகமையில் நடந்த ஆய்வொன்றில் 35 முதல் 64 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. அவர்கள் மதுவினால் அந்த நிலைக்கு ஆளானவர்கள் அல்லர். "நாங்க குடிக்கிறல்லயே, எங்கட ஈரலுக்கு என்ன?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. அதற்குப் பதில் இதுதான்.

இனி அளப்பது எப்படி என்று பார்ப்போம். செலவில்லை, இயந்திரமும் வேண்டியதில்லை. நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, பெரும்பாலும் தொப்புளை அண்டிய இடத்தில், மெல்லிய உடுப்பின் மேல் அல்லது தோலின் மேல் நாடாவைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். வயிற்றை உள்ளே இழுக்கவும் வேண்டாம். வழமைபோல் மூச்சை விட்டதன் பின் வாசியுங்கள். தெற்காசியரில் வளர்ந்த ஆணுக்கு 90 சென்ரிமீற்றர் (35½ அங்குலம்), வளர்ந்த பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் (31½ அங்குலம்) என்ற அளவைத் தொட்டால் அது எச்சரிக்கை. எண்கள் நினைவில் நிற்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் வயிற்றைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர்ந்தால் நல்லது. சேராவிட்டால் கவனம் தேவை. உயரத்தின் பாதியைவிட வயிறு சிறிதாக இருக்கட்டும் என்பதே அதன் கணக்கு. எடைச் சுட்டியிலும் ஆசியருக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லியிருக்கிறது.

நமது பெண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தொளதொளவென்ற கவுண், வெளியே அபாயா. இடுப்பை இறுக்கும் உடுப்பு எதுவும் இல்லாததால் வயிறு பெருப்பது நமக்கே தெரிவதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்ணின் கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவதும் இயல்பு. ஆகவே நாற்பதை நெருங்கும் தாய்மார் வருடத்துக்கு ஒருமுறையாவது நாடாவை எடுக்க வேண்டும்.

அளவு கூடினால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் இந்தக் கொழுப்பு ஆபத்தானது, ஆனால் பிடிவாதக்காரன் அல்ல. உடலை அசைத்தால் முதலில் கரைபவற்றில் அதுவும் ஒன்று. எடை குறையாவிட்டாலும் அது குறையும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு முப்பது நிமிடம், ஐந்து நாள். படுத்தெழும்பும் பயிற்சி வயிற்றுத் தசையை உறுதியாக்கும், ஆனால் வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்பை அது மட்டும் கரைக்காது. சீனியையும் எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டி அளவோடு, நிறுத்திக்கொள்வது சிறந்தது. ஐந்து கோப்பைத் தேநீருக்கு இரண்டிரண்டு கரண்டி போட்டால் பத்து ஆகிவிட்டது. பிஸ்கட்டும் குளிர்பானமும் இன்னும் கணக்கில் சேரவில்லை. பீங்கானில் பாதிக்குக் கீரைச் சுண்டலும் மரக்கறியும், கால் பங்குக்கு மீனோ பருப்போ, மீதிக் கால் பங்குக்குச் சோறு. வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கையே உணவுக்குக் கொடுக்கும் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை நாம் சிறுவயதிலிருந்தே மதரசாவில் படித்திருக்கிறோம். படித்ததைப் பீங்கானுக்குக் கொண்டுவருவதுதான் மீதி. இப்தாரில் நோன்புக் கஞ்சிக்குப் பின் ரோல்ஸும் சமோசாவும் அடுக்கும்போது இதை நினைத்தால் போதும்.

என் தோழிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் எழுதியது அழகைப் பற்றி அல்ல. 80 என்ற எண் வளர்ந்தவர்களுக்கு உரியது. வளரும் வயதில் பட்டினி கிடப்பதும் காலைச் சாப்பாட்டை விடுவதும் தசையைத்தான் குறைக்கும். மேலே சொன்ன கதையில் குறைவாக இருந்ததே தசைதான். ஓடுங்கள், வலைப்பந்து விளையாடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். யாருடைய வயிற்றையும் கேலி செய்யாதீர்கள். மெலிந்தவரை "உனக்கென்ன, ஒன்றும் வராது" என்று புகழவும் வேண்டாம். அந்தப் புகழ்ச்சிதான் எங்கள் மாமாவின் இரண்டு மணித்தியாலத்தை விழுங்கியது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் ஆள் மெலிந்தவரா பருத்தவரா என்று பார்க்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெண்களுக்கு நெஞ்சுவலிக்குப் பதிலாகக் களைப்பும் குமட்டலும் முன்னே நிற்கவும் கூடும்.

மாமா இப்போது சுபஹுத் தொழுதுவிட்டு வாப்பாவோடு நடக்கிறார். மருந்தைத் தவறாமல் எடுக்கிறார். இந்தப் பெருநாளைக்கு உம்மா அவருக்கு அளவெடுத்தபோது வயிறு 34½ அங்குலம். தராசில் குறைந்தது இரண்டே கிலோ. கொப்பியில் குறைந்தது இரண்டு அங்குலம்.

அன்றைக்குக் கொப்பியைப் புரட்டும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். வாப்பாவின் அளவு இருக்கிறது. மாமாமார், மாமிமார், ராத்தா, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருடையதும் இருக்கிறது. உம்மாவின் அளவு மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. "எனக்கு எதுக்கு? நான் மெலிஞ்சுதானே இரிக்கன்" என்றார். விடவில்லை, நாடாவை நானே பிடித்தேன். உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 52 கிலோ. சுட்டி சாதாரணம். வயிறு 33 அங்குலம்.

அடுத்த வாரம் அரச வைத்தியசாலையில் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுத்தார். சீனி நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் இருக்க வேண்டியதைவிடக் கூட. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்று வைத்தியர் சொன்னாராம். இப்போது கொப்பியில் உம்மாவுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் எழுதுவது என் வேலை. உங்கள் வீட்டிலும் ஓர் அளவு நாடா எங்காவது கிடக்கும். இன்றிரவே அதைத் தேடி எடுங்கள். வீட்டில் எல்லோரையும்விட மெலிந்தவரிடமிருந்து தொடங்குங்கள்.